பாங்கின் எண்பதாவது உயிர்

சோன் லா சந்தையில் வாத்துக்குஞ்சு விலை ஏறிய மாதத்தில், பாங்கின் நாக்குக்குரிய உயிர் அவளை விட்டுவிட்டுத் தாய்வீட்டுக்கு நடந்து போய்விட்டது. உடம்பு மட்டும் கணவன் வீட்டிலேயே இருந்து நெல் புடைத்தது, பன்றிக்குத் தவிடு கலக்கியது. வாய் திறக்கவில்லை. கறுப்புத் தை இனத்தாரான எங்களுக்கு ஆளுக்கு எண்பது உயிர், உறுப்புக்கு ஒன்றாக; எண்ணிக்கையில் கடைசி நாக்கினுடையது. அது போனால் மற்றவையும் ஒவ்வொன்றாகப் பின்னால் கிளம்பும். ஒரு மாதத்துக்குள் ஆள் இருக்கமாட்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பாங், ஹுவாய் போ என்ற பள்ளத்தாக்கிலிருந்து வாழ வந்தவள். அங்கேயும் எங்கள் மொழிதான், பேச்சு நடைதான் வேறு. அவள் வாயைத் திறந்தால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு. “வந்துட்டாடி ஊட்டுக்காரி! வீடுன்னு சொல்ல நாக்கு வளையாதா?” என்பாள் மாமியார் முவோன். கணவன் ஹாக்கும் கூடச் சிரிப்பான். முறைப்படி மூன்று வருடம் மாமனார் வீட்டில் தங்கி உழைத்துவிட்டுத்தான் அவளை அழைத்து வந்தான். அங்கே அவன் பேச்சைக் கேட்டு ஒருவரும் பல்லைக் காட்டியதில்லை.

உயிர் போன பதினோராம் நாள் பாங்கின் அம்மா ஆள் அனுப்பினாள். “எங்க புள்ள அடுப்போரமா உக்காந்து பொழுதுக்கும் பேசிட்டிருக்குதுங்க. மிச்சமும் வந்துருமோன்னு பயமா இருக்குதுங்க.”

உயிரை அழைக்கும் பூசாரி வந்தார். பாங்கின் சட்டை, ஒரு முட்டை, மீன் அள்ளும் கைவலை எல்லாம் எடுத்துக்கொண்டு மூங்கில் பாலத்தின் முனையில் நின்று, எங்கள் ஊர் நடையில் கூப்பிட்டார். அதுதான் உசத்தி என்று எங்களுக்கு நினைப்பு. உயிர் வந்தது, எதிர்க்கரைப் புல் மிதிபட்டது, பாலம் நடுவில் தாழ்ந்தது. நின்று கேட்டது. திரும்பிப் போய்விட்டது. ஐந்து நாளுக்கு ஒன்றாக மூன்று தடவை இப்படியே ஆனது. அதற்குள் முழங்காலின் உயிரும் போய், பாங், தூண்கள்மேல் நிற்கும் வீட்டின் ஏணியில் ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு நாளாகியிருந்தது.

“நம்ம பேச்சுக்கு இது மசியாது. அது பொறந்த பேச்சுல கூப்பிடணும். யாருக்கு வரும்?” என்றார் பூசாரி. எல்லோரும் ஹாக்கைப் பார்த்தார்கள்.

அவன் காது சிவந்தது. கைவலையை வாங்கி, ஊரே பார்க்க, இழுத்துக் கூப்பிட்டான். “வா அம்மிணி, ஊட்டுக்குப் போலாம். நாஞ் சிரிச்சது தப்புங்க.”

ஒருத்தி களுக்கென்றாள். முவோன் பார்த்த பார்வையில் அடங்கினாள். பிறகு முவோனே மகன் பக்கத்தில் போய் நின்று, “வா சாமி, ஊட்டுக்கு வா” என்றாள். அந்த நடை அத்தனை அழகு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதுவும் நம் மொழிதானே என்று நெஞ்சு நிமிர்ந்தது. பாலம் இந்த முனை வரைக்கும் தாழ்ந்தது. வலை ஒரு கெளுத்தி மீன் அளவுக்குக் கனத்தது. ஹாக் அதைச் சட்டையில் சுற்றி எடுத்துவந்து பாங்குக்குப் போட்டுவிட்டான். முழங்காலின் உயிரும் கூடவே வந்திருக்க வேண்டும், அவள் எழுந்தாள்.

“அத்தை, ஒரு மாசமா கொழம்புல உப்பு பத்தலீங்க” என்றாள்.

இப்போது எங்கள் ஊரில் ஏழு பள்ளத்தாக்கு நடையிலும் உயிர் அழைக்க ஆள் உண்டு. மாமனார் வீட்டிலிருந்து திரும்பும் மாப்பிள்ளை, மனைவி ஊர்ப் பேச்சில் கூப்பிட்டுக் காட்டினால்தான் ஏணி ஏறலாம். அறுவடை முடிந்ததும் பாங்கின் நாக்குயிர் தாய்வீட்டுக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டு வருகிறது. அந்த நாலு நாளும் வீட்டில் முவோன்தான் தனக்கும் பாங்குக்கும் சேர்த்துப் பேசுகிறாள், ஹுவாய் போ நடையில்.