நாற்பத்தோராவது டேக்

1

மனித நாகரிகமே பேச்சில் பிறந்தது. பேசத் தெரிந்தவரே உலகை ஆள்கிறார். இந்த வரி என்னுடையதல்ல. வில்லியனூர் பக்கம் ஒரு ஐ.டி.ஐ. வாசலில், காற்றுக்குக் கிழியாமலிருக்க ஓட்டை போட்ட ஃபிளெக்ஸில் பார்த்தேன். பஸ் வரவில்லை, கதை வந்துவிட்டது.

2

ஏம்பலம் செல்வகுமாரி, சூரியன் உதிக்கும் வேளையில் கரும்புத் தோட்டத்தின் நடுவே— (வேண்டாம். அவள் எழுந்திருக்கவே ஏழரை ஆகும்.)

செல்வகுமாரி வெல்டிங் படிக்கிறாள். நன்றாகப் பற்றவைப்பாள், பேசத்தான் மாட்டாள். பேச்சுப் பயிற்சிக்கு வந்த மணிமாறன் சார் ஒரு திட்டம் போட்டார்.* ஆளுக்கொரு பொருள் செய்து, அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி, போனில் பிடித்து வகுப்புக் குழுவில் போட வேண்டும். இவள் இரும்பு ஸ்டூல் செய்தாள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்துப் பேசினாள். திணறினால் 'கட்'; மறுபடி முதலிலிருந்து. நாற்பத்தோராவது டேக்குக்கு வகுப்பே கட்டைவிரல் போட்டது.

* திட்டத்தின் முழுப்பெயர் ஒன்றரை வரி. சொல்லி முடிப்பதற்குள் சாருக்கே மூச்சு வாங்கும்.

3

மணிமாறனை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். மீதி நாற்பது டேக்கையும் கேட்டு வாங்கி, பொறுமையாகப் பார்த்த மனுஷர். விட்டுவிட்டேன்.

4

சேதராப்பட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அப்ரெண்டிஸ் நேர்காணல். கிடைக்காவிட்டால் அண்ணி வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், வீட்டில் சொல்லியாகிவிட்டது. அதிகாரி விஜயராணி, உன்னைப் பற்றிச் சொல் என்றார். மூன்றாவது வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. செல்வகுமாரி "கட்" என்றாள். எழுந்து வெளியே போய், கதவைத் தட்டி உள்ளே வந்து, மறுபடி வணக்கம் வைத்தாள். இப்படி இரண்டு தடவை.

"இன்னாமா, எத்தினி வாட்டி வருவ?"

"போனை முன்னாடி வச்சிக்கினா பேசிடுவேன் மேடம்."

"சரி, வச்சிக்கினு பேசு. பாக்கலாம்."

மேடத்தின் தண்ணீர் பாட்டிலையே கேட்டு வாங்கிப் போனைச் சாய்த்தாள். பேசினாள். கரண்ட் கூடிப்போய் ஸ்டூலின் எந்தக் காலில் ஓட்டை விழுந்தது, கிரைண்டரில் தேய்த்து எப்படி மறுபடி பற்றவைத்தாள், முதலில் உட்கார்ந்து பேன்ட்டைக் கிழித்துக்கொண்டது மணிமாறன் சார் என்பதுவரை. எங்கேயும் கட் இல்லை. கடைசி வரியில் விஜயராணி சிரித்துவிட்டார். பிறகு எல்லோரிடமும் சொன்னதையே சொன்னார்: வெளியே உட்கார்.

5

முடிவு (அ): வேலை கிடைக்கிறது, கலெக்டர் கைகுலுக்குகிறார். முடிவு (ஆ): கிடைக்கவில்லை, வானம் இருண்டு— இரண்டையும் அடித்துவிட்டேன். உள்ளே பட்டியல் எழுதுகிறார்கள். அவள் பெயரைச் சேர்ப்பதா என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்தது, அவள் பெஞ்சில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள் என்பதுதான். சாருக்கு அந்த வீடியோவை அனுப்பப் போனைத் திறந்தாள்.

வீடியோ இல்லை. பதிவுப் பொத்தானை அவள் அமுக்கவே இல்லை.