தம்பிக்கு வாய் வரைந்த கதை

வண்ணக்குச்சிப் பெட்டி வாங்கி வந்த மூன்றாம் நாள் தையல்காரியின் கணவருக்கு இடது காது இல்லாமல் போயிற்று. வலியில்லை, ரத்தமில்லை; அந்த இடம் கன்னம் போல வழவழவென்று இருந்தது. தன் துணிக்கடையில் பேரம் பேச வருகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டி உட்காரலாம் என்று அவர் இரண்டே நாளில் சமாதானமாகிவிட்டார்.

தையல்காரியால் முடியவில்லை. ஐந்து வயது மகளுக்கு அந்த வண்ணக்குச்சிப் பெட்டியைப் பொறுக்கி எடுத்தது அவள்தான். பொம்மைக் கடையில் அரை நாள் நின்று, மேளம் சத்தம் போடும், மணியை விழுங்கிவிடுவாள், களிமண் தைக்கிற துணியில் ஒட்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினாள். "இதை எடுத்துக்கோங்கக்கா, கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர். கடிப்பதைப் பற்றி மட்டும்தான் அவர் சொன்னார். மகள் அப்பாவை வரைந்துகொண்டிருந்தபோது, சாப்பாடு ஆறுகிறதென்று தாளைப் பிடுங்கியதும் அவள்தான். படத்தில் ஒரு காது வரையப் பாக்கியிருந்தது. பிறகு எவ்வளவு கெஞ்சியும், "அது பழைய படம்மா" என்று மகள் அதைத் தொடவில்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தொட்டிலில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை மகன் பாதியில் சட்டென்று அடங்கிவிட்டான். தையல்காரி மெஷினைவிட்டு எழுந்து எட்டிப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே முகவாய் வரை வெறும் தோல். கண்கள் மட்டும் அழுதன. தரையில் குப்புறப் படுத்திருந்த மகள் குச்சியைக் கீழே வைத்தாள். தாளில் தம்பியின் தலை, கண், மூக்கு.

"முடிஞ்சுதாடி கண்ணு?"

"ம்."

"வாய் எங்கே?"

"அவனுக்கு எதுக்கும்மா வாய்? எப்பப் பாரு கத்துறான்."

பால் கொடுக்கும் நேரம் தாண்டியிருந்தது. தையல்காரி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். அவசரத்தைக் காட்டினால் எதிராளி இறங்கி வரமாட்டான் என்று தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. வாய் போடத் தெரியாதவங்க இப்படித்தான் விட்டுடுவாங்க."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா போட்டிருப்பே. போகட்டும் விடு."

மகள் வெடுக்கென்று சிவப்பை எடுத்து, இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை ஒரே வளைவாக இழுத்தாள். சிரித்த வாய்.

அதன் பிறகு அவன் அழவேயில்லை. பசித்தாலும் சிரித்தான், கடிகாரம் பார்த்துப் பால் கொடுத்தார்கள். காய்ச்சலில் சிரித்தான். பள்ளியில் அடி வாங்கியபோது சிரித்து, அதற்கும் ஓர் அடி வாங்கினான். பெரியவனாகித் துணிக்கடையில் உட்கார்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. அந்த முகத்திடம் யாருக்கும் விலை குறைத்துக் கேட்க மனம் வரவில்லை. தையல்காரி தினம் மூன்று முறை கடைக்கு வந்து அவன் நெற்றியையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்கிறாள். எங்கே வலிக்கிறதென்று அவன் விரலால் காட்டுவான். காட்டிவிட்டு அடுத்த துணியை அளப்பான்.