அரபெஸ்குக்கு ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எழுதியபின் கீழே தரும் எடுத்துக்காட்டு வாக்கியம், யாரோ ஒருவர் நிஜமாகவே வாயால் சொன்னதாக இருக்க வேண்டும். சொன்னவர் பெயரின் முதலெழுத்தைப் பக்கத்தில் போடுவோம். வேறு எந்த அகராதிக்காரனும் இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதில்லை.

‘அரபெஸ்க்’ என்ற சொல் எங்களோடு வேலை பார்த்த ‘அடிக்குறிப்பின்’ பங்குக்கு வந்தது. எதைச் சொன்னாலும் கூடவே ஒரு விளக்கம் சேர்ப்பான் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். ‘கொடியும் இலையும் கோடுமாகப் பின்னிப் பின்னி முடிவில்லாமல் ஓடும் அலங்கார வேலைப்பாடு’ என்று பொருள் எழுதினான். எடுத்துக்காட்டு எழுதுவதற்குள் மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

காலி இடத்தைத் தலைமைப் பதிப்பாசிரியர் நிரப்பினார். தும்மினால்கூட முன்னுரையோடு தும்முகிற மனிதர். ‘எழிலார்ந்த அரபெஸ்க் அலங்காரங்கள் மானுட மேதைமையின் மகோன்னதச் சான்றுகளாகத் திகழ்கின்றன’ என்று எழுதி, அடிக்குறிப்பின் முதலெழுத்தைப் போட்டார்.

“அஞ்சலிய்யா, அஞ்சலி!” என்றார்.

செத்தவன் வந்து மறுக்கவா போகிறான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

புத்தகம் வெளியான மறுவாரம் அடிக்குறிப்பின் மனைவி என் மேஜைக்கு வந்தாள்.

“அண்ணே, அவரு வீட்டுல பேசுறாரு.”

“என்னம்மா பேசுறான்?”

அகராதியைத் திறந்து அந்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தாள்.

“இதத்தான். தினம் காலைல எட்டே முக்காலுக்கு. உயிரோட இருந்தவரைக்கும் ‘திகழ்கின்றன’ன்னு ஒரு வார்த்தை அவரு வாயில வந்திருக்குமாண்ணே? யாரோ அந்நிய ஆம்பள படுக்கையறைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. அவர அவரு பேச்சையே பேச விடுங்க.”

துக்கம் ஆளைப் பாடாய்ப் படுத்துகிறது என்று நினைத்தேன். சமாதானம் சொல்லலாமென்று மறுநாள் காலை போனேன். படுக்கையறையில் கட்டில், நாற்காலி, சன்னலில் கொடிக்கொடியாய் அச்சிட்ட மலிவான திரைச்சீலை. ஆள் இல்லை. எட்டே முக்காலுக்குத் திரைச்சீலை அருகே குரல் எழுந்தது. அவன் குரலேதான். மனப்பாடம் ஏறாத பிள்ளை மேடையில் நிற்பதுபோல் ‘மகோன்னத’த்தில் தடுக்கி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அங்கேயே தடுக்கியது. மூன்றாம் முறை அழுகிற மாதிரி இருந்தது. பொய்க்கு உடந்தையாக இருந்தவன் நான்.

கூடத்துக்கு வந்து மூச்சு வாங்கியபின் கேட்டேன்.

“அவன் நிஜமா என்னம்மா சொன்னான் இதப் பத்தி?”

“சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே தினம் அந்தத் திரைச்சீலையப் பாப்பாரு. ‘இந்த அரபெஸ்க் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. நான் தேடுறேன், நீ டீ போடு’ம்பாரு.”

இரண்டாம் அச்சில் பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டு அதையே சேர்த்தேன். தலைமைப் பதிப்பாசிரியரிடம் சொல்லவில்லை. அகராதியில் அவர் படிப்பது தன் முன்னுரையை மட்டுந்தான்.

அச்சாகிப் பத்து நாள் கழித்து அவள் வந்தாள். கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள்.

“இப்ப சரியாப் பேசுறாருண்ணே. அவரேதான். டீ கேக்குறாரு, போட்டு வைக்கிறேன்.”

“அப்புறம் என்னம்மா?”

“ஆறிப்போகுது. நானும் பக்கத்துலயே நின்னு பாக்குறேன். மறுநாள் திரும்பவும் ‘நீ டீ போடு’ங்கிறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல.” குரலைத் தாழ்த்தினாள். “இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சேக்க முடியுமாண்ணே? எந்தச் சொல்லுக்குக் கீழ வேணா போடுங்க. ‘டீ நல்லாருக்கு’ன்னு.”

வாக்கியங்களை எழுதிவைக்கும் வெற்று அட்டை ஒன்றை எடுத்தேன். எழுதிவிட்டேன் என்றே சொல்லலாம். பேனா முனை அட்டையைத் தொட்டுவிட்டது. ஆனால் அந்தக் குரல் அழுததைக் காதால் கேட்டவன் நான்.

“அவன் எப்பவாச்சும் அப்படிச் சொல்லியிருக்கானாம்மா?”

வெகுநேரம் யோசித்தாள். பதினெட்டு வருடக் காலை வேளைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“இல்லண்ணே,” என்றாள். “ஒரு நாளும் சொன்னதில்ல.”