உசுரோட ஆறு நண்டு

யமுனாவுக்கு நாக்கில்தான் சனி. என்ன சொல்லித் தொலைத்தோம் என்பதே போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"திருச்சியில உசுரோட நண்டு கிடைக்காதுன்னு யாரு அத்தை சொன்னா? ஞாயித்துக்கிழமை வாங்க, துள்ளத் துடிக்க வாங்கி வைக்கிறேன். கண்ணால பாத்துட்டு அப்புறம் முடிவு சொல்லுங்க!"

மாமியார் ரெங்கம்மாள் நாகூர்ப் பக்கத்துக் கடலோரக்காரி. "பாக்கலாம்டி, பாக்கலாம்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ரெங்கம்மாள் அங்கே தனிக்கட்டை. போன மழைக்காலத்தில் கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி வந்து தூக்குகிற வரைக்கும் மழையிலேயே கிடந்தாள். அன்றிலிருந்து மகன் இளவரசன் "எங்களோட வந்துடும்மா" என்று கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டான். அவளிடம் ஒரே பதில்தான்: "செத்த மீனை ஐஸ்ல வச்சுத் திங்கிற ஊர்ல எனக்கென்னடா வேலை?"

மாமியார் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற மருமகள்கள் ஊரில் உண்டு. வர வேண்டும் என்று சமயபுரத்தாளுக்குக் காசு முடிந்து வைத்தவள் யமுனா ஒருத்திதான் இருப்பாள். மணப்பாறைப் பக்கம் மாடும் கன்றும் ஆளுமாகக் கூச்சலிலேயே வளர்ந்தவள் அவள். ஸ்ரீரங்கத்து மாடி வீட்டில் இளவரசன் பேசுவது "சாப்பாடு", "சாவி" இரண்டே வார்த்தை. அத்தை இருந்தால் வீடு சிரிக்கும். ஊரையே நக்கலடித்துச் சிரிப்பில் வயிற்றைப் புண்ணாக்கிவிடுவாள். அந்த மனுஷி மழையில் கிடந்ததை யமுனாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆகவே, நண்டு வேண்டும். அதுவும் உசுரோட.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்தாள். முதலில் போன இடம் ஒரு ஏசி கடை. கண்ணாடிக்குப் பின்னால் நண்டுகள் ஐஸ் மேல் கைகட்டி மல்லாந்திருந்தன. "ஃப்ரெஷ் மேடம், நேத்துதான் வந்துச்சு." நேற்று வந்ததாம்! நேற்று செத்தது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அடுத்து ஒரு மீன் மார்க்கெட். சேற்றையும் தண்ணீரையும் தாண்டி உள்ளே போனால், ஒரு மீசைக்காரர் நண்டுக் காலை விரலால் சுண்டிச் சுண்டி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருக்காண்ணே?"

"இருக்கும்மா. தூங்குது."

"எங்க, எழுப்பிக் காட்டுங்க."

"தூங்குறதை எழுப்பினா பாவம்மா."

யமுனாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் காட்டூருக்கு விட்டாள். அங்கே நவ்ஷாத் பாய் கடையில் தொட்டி தொட்டியாக உயிர் மீன். விரால் ஒன்று வாலால் அடித்த அடியில் அவள் முகமெல்லாம் தண்ணீர். ஆகா, என்ன துள்ளல்! ஆனால் அத்தை ஆற்று மீனைத் தொட மாட்டாள். சேற்று வாடை என்று மூக்கைப் பொத்துவாள். முகம் தொங்கிப்போய் நின்றவளைப் பார்த்து பாய்க்கே மனசு கேட்கவில்லை.

"கடல் நண்டு உசுரோட வேணும்னா பாலக்கரைக்குப் போம்மா. பெலிண்டா அக்கான்னு கேளு. கடையெல்லாம் கிடையாது, வீட்டு வாசல்லயேதான். இன்னைக்குச் சொல்லி வச்சா நாளைக்குக் காலையில ரயில்ல வந்துடும்."

சொல்லி வைத்தபடி ஞாயிறு காலை பாலக்கரைச் சந்தில் பெலிண்டா ஈரச் சாக்கைப் பிரித்தாள். உள்ளே கறும்பச்சையாக, கையகலம் ஒவ்வொன்றும். கொடுக்குகளைச் சணல் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தது. கண்ணை நீட்டி நீட்டி முறைத்தன. யமுனா ஒவ்வொன்றையும் தூக்கி முன்னே பார்த்தாள், பின்னே பார்த்தாள், சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னம்மா, மாட்டுக்குப் பாக்கற மாதிரி சுழி பாக்கறியா?" என்றாள் பெலிண்டா.

யமுனா வெட்கப்படவில்லை. அவள் அப்பா மாடு வாங்குகிற ஆள். பார்க்காமல் எப்படி வாங்குவது? ஆறு நண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, காவேரிப் பாலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து சேர்ந்தாள். இளவரசன் அம்மாவை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாசற்படியில் கால் வைத்ததும்தான் அந்தப் பாழாய்ப்போன நினைப்பு வந்தது. மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கினால் விற்றவன் கயிற்றை அவனிடமே கொடுத்துவிட வேண்டும். விற்றவன் கயிறு வீட்டுக்குள் வந்தால், வாங்கியது வீட்டில் தங்காது. அப்பா ஒருநாளும் இதில் தவறியதில்லை.

இன்றைக்கு என்றா இப்படி? அத்தை தங்க வேண்டுமே! நண்டுக்கும் மாட்டுக்கும் ஒரே சட்டமா என்று யோசிக்கிற நிதானமெல்லாம் யமுனாவுக்கு இல்லை. வாசலிலேயே உட்கார்ந்து, ஆறு கயிற்றையும் கத்தரித்து, பெலிண்டாவிடம் திருப்பிக் கொடுக்கப் பத்திரமாக ஸ்கூட்டிப் பெட்டியில் வைத்தாள். நண்டுகளை உள்ளே கொண்டுபோய் பிளாஸ்டிக் டப்பில் கொட்டினாள்.

அம்மாடி! கை கிடைத்ததும் அதுகளுக்கு என்ன வேகம்! ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி டப்பையே கவிழ்த்துவிட்டன. ஒன்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். ஒன்று சிலிண்டருக்கு அடியில். ஒன்று அவள் துப்பட்டா நுனியைக் கவ்விக்கொண்டு ஊஞ்சலாடியது. துப்பட்டாவை உதறிவிட்டுக் கட்டில் மேல் ஏறி நின்று, "ஐயோ சாமி, சமயபுரத்தாளே!" என்று யமுனா அலறுவதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

ரெங்கம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். இளவரசன் பையைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே ஏறி நின்றான்.

"அடியேய், கயித்தையா அவுத்துட்டே?"

"வித்தவங்க கயிறு வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு... வந்தா தங்க மாட்டீங்கன்னு..." பாதியிலேயே யமுனாவுக்கு அழுகை முட்டிவிட்டது.

ரெங்கம்மாள் உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பின்பக்கமாகப் போய் ஓட்டில் மெல்லக் கால் வைத்து அமுக்கினாள், கடைசிக் காலைப் பிடித்துத் தூக்கினாள், பானைக்குள் போட்டு மூடினாள். ஒன்று, இரண்டு, ஐந்து. ஆறாவதைக் காணோம்.

கீழேயிருந்து வீட்டுச் சொந்தக்காரர் பீமராவ் குரல் கொடுத்தார். "யமுனா! உங்காத்து விருந்தாளி ஒருத்தர் பக்கவாட்டுலயே நடந்து வந்துண்டிருக்கார்!"

எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்கள். மனுஷர் கூடத்து ஊஞ்சலில் இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்டு ஊஞ்சலுக்கு அடியில் கொடுக்கை உயர்த்திக்கொண்டு நின்றது.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றாள் யமுனா, உயிரே போய்.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதும்பா. இது வீட்டுலயும் தங்கலை" என்றார் பீமராவ். "நீங்க மேல என்ன சமைக்கறேள்னு நான் பாத்ததில்லை. இன்னிக்கும் ஒண்ணும் பாக்கலை. முதல்ல இதைத் தூக்கிண்டு போங்கோ, நான் காலைக் கீழ போடணும்."

ரெங்கம்மாள் ஒரே அமுக்கில் அதைத் தூக்கிக்கொண்டாள். மாடிப்படி ஏறும்போது ஆரம்பித்த சிரிப்பு அவளுக்கு நிற்கவேயில்லை. படியில் உட்கார்ந்து சிரித்தாள். இளவரசன்கூடச் சத்தமாகச் சிரித்தான். கல்யாணமான நாளாக யமுனா அதைக் கேட்டதில்லை.

மதியம் நண்டுக் குழம்பு. மிளகும் பூண்டும் மணக்க அத்தையே வைத்தாள். யமுனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருந்துச்சுல்ல அத்தை? ஒத்துக்கறீங்களா?"

ரெங்கம்மாள் ஒரு கொடுக்கைக் கடித்து உடைத்து உள்ளே பார்த்தாள். "உசுரு இருந்துச்சு. சதை எங்கடி இருக்கு? பௌர்ணமிக்குப் பிடிச்ச நண்டு இளைச்சிருக்கும், வெறும் ஓடு. இதை நம்பி நான் வர முடியாது."

இவ்வளவு அலைச்சலும் வீண். யமுனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதே, கழுதை. மீனு நண்டுன்னு சொன்னதெல்லாம் சாக்குடி. பெத்த புள்ளை கூப்பிடத்தான் செய்வான். மருமக மனசுல என்ன இருக்கோன்னு எனக்குப் பயம். ஒரு மூலையில குந்திக்கிட்டு, இது எப்ப கிளம்பும்னு நீ பாக்குறதை நான் பாத்துக்கிட்டு... அதுக்கு மழையிலயே கிடக்கலாம்னு இருந்தேன்."

யமுனா எச்சில் கையோடு எழுந்துபோய் அத்தையைக் கட்டிக்கொண்டாள். "சீ, விடுடி, குழம்பெல்லாம் புடவையில!" என்று ரெங்கம்மாள் கத்தினாள், ஆனால் விலக்கவில்லை.

கை கழுவியதும் ரெங்கம்மாள் ஊருக்குப் போன் போட்டாள்.

"ஆனந்தவள்ளி, என் கோழிங்களை நீயே வச்சுக்கடி. ஆமா, எல்லாத்தையும்தான். சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும்... அடப்போடி, எதுக்கு அழறே? பொங்கலுக்கு வருவேன்ல, உன் வீட்டுக்கு விருந்தாளியா. நல்ல நண்டா பாத்து வாங்கி வை."