எண்ணெய் படாத வாஃபிள்

கஜேந்திரன் செத்த ஒன்பதாம் நாள் காலையில் அவன் வீட்டு வாசலில் 'சுவையால் சுயபலம்' என்று எழுதிய பதாகையைக் கட்டினார்கள். சாவுக்குக் கட்டிய வெள்ளைக் கொடியை இன்னும் யாரும் அவிழ்த்திருக்கவில்லை. கட்டுவதற்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான அந்த லயத்தின் வாசலில் வேறு இடமும் இல்லை. ஆகவே கொடியும் சுயபலமும் ஒரே கயிற்றில் ஆடின.

அவன் மனைவி கிருஷ்ணகுமாரி உள்ளே நின்று அதைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ஒன்பது நாளாகவே அப்படித்தான். தேத்தண்ணிக் கோப்பை சுட்டால் கையை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுக்கிறாள். சுட்டது வேறு யாரோ கையை என்பது போல இருக்கிறது.

கஹவத்தைக்கு மேலே இருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கு என்ன குறை என்று கொழும்பில் ஓர் அமைப்பு இரண்டு வருடம் ஆராய்ந்தது. கக்கூஸ், தண்ணீர், நேரத்துக்கு வரும் பஸ் என்று பெண்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். ஆராய்ச்சியின் முடிவில் வாஃபிள் வந்தது. ஆறு பெண்களுக்கு ஆளுக்கொரு ஒற்றைக் கேஸ் அடுப்பு, ஒரு ஏப்ரன், ஒரு சான்றிதழ், அடுப்பில் வைத்து வாஃபிள் சுடும் ஓர் இரும்பு. இரண்டு தோசைக்கல்லைக் கட்டங்கட்டமாகச் செதுக்கி, கீல் வைத்து முகத்தோடு முகம் சேர்த்தது போன்ற சாமான். மாவை ஊற்றி மூடி, ஒரு பக்கம் வெந்ததும் நீளக் கைப்பிடியைப் பிடித்து அப்படியே புரட்டிப் போட வேண்டும். லயத்தில் அதற்கு அச்சு என்று பெயர்.

ஆறு பேரில் ஒருத்தி அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். ஒருத்தி கொடகவெலயில் நடந்த கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டாள். உண்மையில் வாஃபிள் சுட்டு ஸ்கூல் வாசலில் விற்றவள் கிருஷ்ணகுமாரி மட்டும்தான். கிழிந்துபோனவற்றைக் கஜேந்திரன் தின்றான்.

அவன் பால்வெட்டுக்காரன். இறப்பர் மலையில் வாளியோடு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவன் அவன் ஒருவன்தான். கிருஷ்ணகுமாரி கல்யாணமான நாளிலிருந்து அச்சு வரும்வரை கார்மெண்ட்ஸுக்குப் போனவள். பேர் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, கிடையாது. ஐந்தாம் நாள் தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கர் வந்து, துக்கம் விசாரித்து, பிளேன்ட்டியும் குடித்துவிட்டுச் சொன்னார்.

"துரை கெட்டவரு இல்ல தங்கச்சி. திட்டம் நடக்கிற வீடுன்னா விட்டுவைக்கலாம்னு சொல்றாரு. வர்ற மேடம் 'செயற்படுகிறது'ன்னு ஃபோர்ம்ல கோடு போட்டா, காம்பரா ஒங்களுக்கு. போடாட்டி, மாசக் கடைசியில கீழ் டிவிஷன்லருந்து ஒரு குடும்பம் வருது."

திட்டத்தைப் பார்க்கக் கொழும்பு அமைப்பிலிருந்து வரும் மேடத்தின் வருகை இரண்டு மாதத்துக்கு முன்பே குறித்தது. தேதியை மாற்றலாமா என்று கேட்டதற்கு, வாகனம் ஒதுக்கியாகிவிட்டது என்று பதில் வந்தது.

கஜேந்திரனின் அக்கா கருப்பாயிக்கு வாகனத்தைப் பற்றிக் கவலையில்லை.

"துக்க வீட்டுல பதினாறு முடியாம எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறப்படாது. அது கொழும்புலருந்து வந்தாலும் சரி, கோட்டையிலருந்து வந்தாலும் சரி."

பிரச்சினை தலைவர் நாகலிங்கத்திடம் போனது. தோட்டக் கமிட்டிக்கு இருபது வருடத் தலைவர். சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் தொண்டையைக் கனைத்து 'முதலாவதாக' என்று தொடங்குகிறவர். மேடம் வருவதற்கு முந்தின நாள் பின்னேரமே வந்து, நாற்காலி போடச் சொல்லி, அச்சைக் கொண்டுவரச் செய்து, திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"முதலாவதாக, இது சட்டியா இல்லையான்னு பாக்கணும். சட்டின்னா வாய் தெறந்திருக்கணும். இதுக்கு வாய் மூடியிருக்கு. ஆகவே சட்டி இல்ல."

"அப்ப கல்லு," என்றாள் கருப்பாயி.

"கல்லுன்னா ஒண்ணு. இது ரெண்டு."

"ரெண்டு கல்லுன்னா குத்தம் ரெண்டு மடங்குதானே தலைவரே."

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கீலை ஆராய்ந்தார்.

"இரண்டாவதாக, இரும்பு மேல குத்தமில்ல. எண்ணெய் மேலதான். எண்ணெய் படாம சுட்டுக்கிறட்டும்."

"முட்டை?"

"முட்டை கவுச்சி. அதுவும் ஆகாது. வாழைப்பழம் பெசைஞ்சு போடட்டும்."

"மாஜரின்?" இதைக் கேட்டவள் கிருஷ்ணகுமாரி.

"அது கட்டியாத்தானே இருக்கு," என்றார் தலைவர்.

"அடுப்புல வச்சா உருகாதா? உருகினதுக்குப் பேரு என்னா, தேத்தண்ணியா?" என்றாள் கருப்பாயி.

மாஜரினும் தள்ளுபடியானது.

எண்ணெய் தடவாத அச்சில் என்ன ஆகும் என்று அங்கே இருந்தவர்களில் கிருஷ்ணகுமாரிக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் பதில் சொல்வார்கள். அதற்கு இவள் இன்னொன்று சொல்ல வேண்டும். "சரிங்க," என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு மேடம் வந்தார். ஹர்ஷனி மேடம். நல்ல மனுஷிதான். வெள்ளைக் கொடியைப் பார்த்துத் தலை குனிந்தார், கிருஷ்ணகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார், சிங்களத்தில் மன்னிப்பும் கேட்டார். பிறகு, துயரத்தை வாய்ப்பாக மாற்றும் பெண்களைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். கிருஷ்ணகுமாரிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். எல்லாச் சொல்லும் விளங்கியது. டிரைவர் படம் எடுத்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அவள் உதட்டை விரித்துக் காட்டினாள். அது போதும் என்றார்கள்.

கோதுமை மா, சீனி, பால்மா, பேக்கிங் பவுடர், பிசைந்த கோழிக்கூட்டு வாழைப்பழம். கரைத்து ஊற்றினாள். மூடினாள். இரண்டு நிமிடம், புரட்டல், இன்னும் இரண்டு நிமிடம். திறக்கப் போனால் அச்சு வாயைத் திறக்க மாட்டேன் என்றது. பலமாக இழுத்தாள். வாஃபிளின் முதுகு மேல் தட்டிலும் வயிறு கீழ்த் தட்டிலும் ஒட்டிக்கொண்டு பிரிந்தன.

"இது இப்படித்தான் வருமா?" என்றார் மேடம்.

"மொதலாவது எப்பவும் இப்படித்தான் மேடம்," என்றார் தலைவர் சிங்களத்தில், தான் நூறு வாஃபிள் சுட்டவர் போல.

இரண்டாவதும் அப்படியே வந்தது. இந்தத் தடவை புகையும் வந்தது. மேடம் ஃபோர்மை மடியில் வைத்துக்கொண்டார். 'செயற்படுகிறது' ஒரு கட்டம், 'செயற்படவில்லை' ஒரு கட்டம். பேனா இரண்டாவது கட்டத்துக்கு மேலே நின்றது. மேடத்தின் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தத்தோடும் கோடு போட முடியும்.

கிருஷ்ணகுமாரி அந்தப் பேனாவைப் பார்த்தாள். கரண்டிக் காம்பால் தட்டுகளைச் சுரண்டினாள். சமையல் எண்ணெய்ப் போத்தலைக் கருப்பாயி முந்தின நாளே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். வீட்டில் எண்ணெய் என்று இருந்தது ஓர் இடத்தில்தான்: உள்ளே, கஜேந்திரனின் படத்துக்கு முன்னால், விளக்குக்கு ஊற்றுகிற தேங்காயெண்ணெய்.

உள்ளே போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் அவன் யாரோ ஓர் உத்தியோகத்தன் மாதிரி இருந்தான். பக்கத்திலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடியே," என்றாள் கருப்பாயி, மெதுவாக. "அது அவனுக்கு ஊத்துற எண்ணெய்."

"காம்பராவும் அவரு பேருலதானே மதினி இருக்கு."

கருப்பாயி ஒதுங்கி வழி விட்டாள்.

கிருஷ்ணகுமாரி ஒரு துணித்துண்டை நனைத்து இரண்டு தட்டிலும் கட்டம் கட்டமாகத் தடவினாள். அவசரப்படவில்லை. மாவு விழுந்ததும் சொய்யென்று சத்தம் கேட்டது. அந்த வீட்டில் ஒன்பது நாளாகக் கேட்காத சத்தம். லயத்தில் நாலைந்து கதவுகளில் தலைகள் தெரிந்தன. தேங்காயெண்ணெய் வாசம் வாசலைத் தாண்டிப் போனது. இப்போதாவது ஏதாவது தோன்றும் என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்தாள். நேரமாகிவிட்டது, புரட்டிப் போட்டாள்.

மூன்றாவது முழுதாக விழுந்தது. பொன்னிறம், நாலு மூலையும் ஒழுங்கு. டிரைவர் கிட்டே வந்து படம் எடுத்தார். மேடம் ஒரு துண்டு தின்றுவிட்டு, வாழைப்பழ வாசம் அருமையான யோசனை, மற்றத் தோட்டங்களுக்கும் சொல்ல வேண்டும் என்றார். பேனா முதல் கட்டத்துக்குப் போய்க் கோடு போட்டது. பெரிய கிளாக்கர் அதைத் தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார்.

"கடிதம் நாளைக்குத் தாரேன் தங்கச்சி. திட்டம் நடக்கிற மட்டும் காம்பராவைப் பத்தி யோசிக்காதீங்க."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கையிலிருந்த வாஃபிளை முடித்துவிட்டு விரலைத் துடைத்தார்.

"முதலாவதாக, வெளக்கெண்ணெய் வேற, சமையல் எண்ணெய் வேற. வெளக்கெண்ணெய்க்குத் தடை இருக்குன்னு நான் சொல்லல்ல." இரண்டாவதாக என்று எதுவும் அவருக்கு வரவில்லை. இன்னொரு வாஃபிளை எடுத்துக்கொண்டார்.

மேடத்தின் வாகனம் கேகாலைப் பக்கம் இன்னொரு சுயபலத்தைப் பார்க்கப் போனது. பதாகையை அவிழ்த்து அதிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்களும் கலைந்தார்கள். கருப்பாயி மட்டும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவள்.

"மா மிச்சம் கெடக்கா?" என்றாள், முற்றத்தைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டுக்கு வரும்."

"ஊத்து அப்ப. வீணாக்காத."

கிருஷ்ணகுமாரி இரண்டையும் சுட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் கடித்தாள். சூடு தெரிந்தது, மொறுமொறுப்பு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"மதினி, இனிப்பு இருக்குதா?"

கருப்பாயி மென்றாள். "இருக்கு. கொஞ்சம் கூடுதலாத்தான்."

"எனக்கு வெளங்கல்ல."

கருப்பாயி திரும்பி அவளைப் பார்த்தாள்.

"வெளங்காட்டி போகட்டும்," என்றாள். "மெல்லு."

கிருஷ்ணகுமாரி மென்றாள்.