திரும்பி வந்த அலை

ரகுநாத் செத்து ஏழு மாதம் ஆகிறது. ஆவுடையார்கோவில் ரோட்டில் லாரிக்காரன் இடித்துப்போட்டுவிட்டுப் போய்விட்டான். ஆனால் அறந்தாங்கி வீட்டில் ரகுநாத்தின் மடிக்கணினியைத் திறந்தாலே, முதுகுக்குப் பின்னால் புருஷன் நிற்பது போல இருக்கும் இலக்கியாவுக்கு. திரும்பினால் யாரும் இல்லை. இருந்தாலும் திரும்பிப் பார்ப்பதை அவள் விடவில்லை.

அவன் பாதியில் விட்டுப்போனது ஒரு இயற்பியல் புத்தகம். லேடெக் என்கிற கணினி மொழியில் எழுதினான். படத்தைக்கூடக் கையால் வரையமாட்டான். சூத்திரத்தை எழுதினால் கணினியே வரைந்து கொடுக்கும். மிச்சத்தையெல்லாம் இலக்கியா முடித்துவிட்டாள், அவள் கணக்கு டீச்சர். பாக்கி ஒரே ஒரு படம். போகப் போக ஆட்டம் வேகமாகிற அலை.

அச்சகத்து ஜெரால்டு காலையிலேயே போன் பண்ணிவிட்டான். "மேடம், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஃபைல் வந்துரணும். சாரோட புக்கு, இன்னும் எத்தனை தடவதான் தள்ளிப்போடுறது?"

அந்தப் படத்தில்தான் வில்லங்கம். அலை அகலமாகக் கிளம்பும், போகப் போக நெருங்கும். அதுவரைக்கும் சரி. பாதிக்கு மேலே பார்த்தால், மெல்லத் தளர்ந்து, விரிந்து, கிளம்பினபோது இருந்த மாதிரியே வந்து நிற்கும். போனது திரும்பி வருகிறது! முதலில் பார்த்த அன்று இலக்கியா "வந்துட்டீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

படித்தவளுக்குக் காரணம் தெரியாதா? நன்றாகவே தெரியும். கணினி புள்ளி புள்ளியாக வைத்துத்தான் கோடு இழுக்கும். ரகுநாத் கொடுத்திருந்தது நூறே புள்ளி. பழைய கணினி என்பதால் வரைவில் குறைத்து வைப்பான், அச்சுக்குப் போகும்போது கூட்டுவான். அலை வேகமாக ஆடுகிற இடத்தில் நூறு புள்ளி எந்த மூலைக்கு? பல ஏற்ற இறக்கங்கள் விட்டுப்போய், மெதுவாக ஆடுவது போல ஒரு பொய் அலை தெரியும். புள்ளிக் கணக்கு இருக்கிற வரியிலேயே, அச்சில் வராத குறிப்பாக அவன் எழுதியும் வைத்திருந்தான்: 'கூட்ட மறந்துறாதடா ரகு.' படிக்கும்போது அவன் குரலே கேட்டது. நூறை அழித்து இரண்டாயிரம் என்று போட்டால் தீர்ந்தது. ஒரு மாதமாகப் பாவி மகளுக்குக் கை வரவில்லை.

"என்னத்தா, இப்புடி ஒறைஞ்சுபோயி ஒக்காந்திருக்க?" மாமியார் மீனம்மாள் காப்பியோடு வந்தாள். மகன் வந்துவிடுவான் என்று இன்னமும் வாசல் கதவைத் தாழ்போட விடாத பொம்பளை.

இலக்கியாவால் அடக்க முடியவில்லை. "இங்கிட்டுப் பாருங்கத்தே. போயிட்டுத் திரும்பி வருது. ஆனா இது தப்பு. திருத்துனா வராது. எனக்கு மனசு வரமாட்டேங்குது."

மீனம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வருகிற வளைவை விரலால் தடவினாள். 'அப்படியே இருக்கட்டும்' என்று சொல்லிவிடுவாளோ என்று இலக்கியாவுக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"புஸ்தகத்துல யாரு பேரு போடுவாக?"

"அவுக பேருதான்."

"அப்பத் தப்பா இருந்தா எம்மவனைத்தானே ஏசுவாக? அவன் என்ன, வந்தா பதில் சொல்லப்போறான்?" கிழவி திரையிலிருந்து விரலை எடுத்தாள். "மாத்துத்தா."

இலக்கியா இரண்டாயிரம் என்று அடித்தாள். கணினி முக்கி முனகிப் படத்தைக் காட்டியது. அலை நெருங்கி, இன்னும் நெருங்கி, விளிம்பு வரைக்கும் ஓடியது. எங்கேயும் தளரவில்லை. ஃபைலை ஜெரால்டுக்கு அனுப்பினாள்.

"போங்க," என்றாள் திரையைப் பார்த்து. 'போயிட்டு வாங்க' என்று சொல்லவில்லை.