சோமுவின் மதியச் சோறு

2025 மார்ச் 9, ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, சந்தாபுராவில் உள்ள ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து எட்டு வயது நாட்டு நாய் ஒன்று விவேக் நகருக்கு வந்து சேர்ந்தது.

பெயர் சோமு. தத்தெடுத்தவர்கள் ஜோசபினும் அவள் கணவன் தாஸும். ஜோசபினுக்கு அறுபத்தொரு வயது. குட்டி வேண்டாம் என்பதற்குக் காப்பகத்தில் அவள் சொன்ன காரணம் சுருக்கமானது: "குட்டின்னா எனக்கப்புறமும் இருக்கும். அப்ப அத யாரு பாப்பாங்க?"

சோமுவை வளர்த்தவர் சேஷகிரி. ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. வைட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத்தில் தனியாக வாழ்ந்து, ஜனவரியில் இறந்துபோனார்.

காப்பகத்து ஸ்னேஹா விவரமாகச் சொல்லி அனுப்பினாள். மூட்டுவலி மாத்திரையைத் தினமும் மதியச் சோற்றோடு தர வேண்டும். "புது இடத்துல சில நாய்ங்க சாப்பிடாது ஆன்ட்டி. தட்டை வெச்சுட்டு அரை மணி நேரம் அது பாட்டுக்கு விட்டுடுங்க. ஃப்ரைடே வரைக்கும் பாப்போம். அன்னிக்கு வண்டியோட வரேன், அப்பவும் சாப்பிடலைன்னா திரும்பக் கொடுத்துடுங்க."

திங்கள் சாப்பிடவில்லை. செவ்வாயும் தண்ணீர் மட்டும்.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை வரை ஜோசபினும் தண்ணீர் மட்டுமே குடிப்பாள். கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், பதினாலு வயதில் தொடங்கிய நோன்பு. கர்ப்பப்பை எடுத்த வருடம்கூட விடவில்லை. தாஸ் காலை ஆறரைக்கே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவான். சாப்பிடாத இருவர் மட்டும் வீட்டில் இருந்தார்கள்.

பசித்த வயிற்றுக்கு மதியம் மெல்லியதாக ஆகிவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பூக்கள் ஓசையில்லாமல் உதிர்ந்தன. பஸ்ஸின் ஹாரன் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. அந்த வெளிச்சத்தில் சோமு நடந்தது. நேராக வந்து, கூடத்தின் நடுவே ஒன்றுமில்லாத இடத்தில் வளைந்து சென்றது. பழைய வீட்டில் அங்கே ஒரு சோபா இருந்திருக்க வேண்டும். கதவில்லாத சுவர் முன் நின்று காத்திருந்தது. பிறகு காலண்டருக்குக் கீழே, வெறுந்தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கூடத்தைக் கடக்கும்போது ஜோசபினும் அந்த சோபாவைச் சுற்றிக்கொண்டு போனாள். போன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

மாலை அவள் கஞ்சி குடிக்க உட்காரும்போது சோமுவின் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும்.

"ரெண்டு பேரும் சேந்து நோன்பா?" என்றான் தாஸ், புதன்கிழமை. "அதுக்கும் நெத்தில சாம்பல் பூசி வுட்டியா இன்னா?"

"சும்மா இருங்க. நாளன்னிக்கி வண்டி வந்துரும்."

"வந்தா குடுத்துடு. அதுக்கு நம்ம மூஞ்சி புடிக்கல, இன்னா பண்றது."

"எட்டு வயசு நாய இனிமே யாரு எடுப்பாங்க? கூண்டுலயே கெடந்து செத்துரும்."



வியாழன் காலையும் சோறு அப்படியே இருந்தது. எழுந்திருக்கும்போது சோமுவின் பின்னங்கால் நடுங்கியது. ஜோசபின் ஸ்னேஹாவிடம் எண் வாங்கி, சேஷகிரியின் மகள் ஸ்ரீரஞ்சனியை அழைத்தாள்.

"தனியா வெச்சா தொடவே தொடாதே," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "அப்பா சாப்பிட உக்காந்தா அதுவும் பக்கத்துல உக்காந்துக்கும். அவர் சாப்பிட்டாத்தான் அதுவும் சாப்பிடும். நீங்களும் அது கூடவே சாப்பிடுங்கோளேன்."

"ஒரு வாய் சாப்ட்டா போதுமாம்மா?"

"போறாது. நடுவுல எழுந்தா அதுவும் நிறுத்திடும். அப்பாவையே ஏமாத்த விடாது."

ஜோசபின் போனை வைத்தாள். மணி பன்னிரண்டே கால். மாலைக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. நாளையும், அதன் பிறகு ஈஸ்டர் வரையும் மதியங்கள் இருந்தன. குழந்தை இயேசு படத்தின் முன் சிறிது நேரம் நின்றாள். எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சோறு வடித்தாள்.

காலண்டருக்குக் கீழே தரையில் தட்டை வைத்து உட்கார்ந்தாள். மாத்திரையைப் பொடித்துக் கலந்த தட்டு பக்கத்தில். முதல் கவளத்தை விழுங்கினாள். சோமு அவள் கையைப் பார்த்தது. இரண்டாவது கவளம். மூன்றாவது. உள்ளே எங்கோ ஒரு நாற்காலி நகர்த்தப்பட்டதுபோல் அதன் காது திரும்பியது. நான்காவது கவளத்தை அவள் வாயில் போட்டபோது அது தன் தட்டில் வாய் வைத்தது.

அவள் நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

"நாப்பத்தேழு வருசம்," என்றான் தாஸ், மாலை விஷயத்தைக் கேட்டதும்.

"ஆமா," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் காப்பகத்து வண்டி வந்தது. ஸ்னேஹா தத்தெடுப்புப் படிவத்தில் ஜோசபினின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு காலிக் கூண்டோடு திரும்பினாள். அன்று மதியமும் ஜோசபின் சாப்பிட்டாள்.